சோதோம் செய்த பாவம் என்ன? ஒரு விவாதம் பிறந்த கதை

1954இல் பிரிட்டிஷ் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. தலைவர், ரெடிங் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜான் உல்ஃபெண்டன். குழு ஆராய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறைக்கு அனுப்பும் சட்டம். மற்றொன்று, தெருவில் நடக்கும் விபச்சாரம். அலுவலகத்தில் சுருக்கெழுத்துக்கும் தட்டச்சுக்கும் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் இந்தச் சொற்களெல்லாம் விழலாமா என்று பெரியவர்களுக்குச் சங்கடம். ரெடிங் ஊர் பிஸ்கட்டுக்குப் பேர்போனது. ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் கம்பெனி அங்கேதான் இருந்தது. அந்தப் பெயரை இரண்டாக உடைத்து, ஆண்களை விரும்பும் ஆண்களுக்கு 'ஹன்ட்லி' என்றும், விலைமாதருக்குப் 'பாமர்' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். நாட்டின் சட்டத்தை மாற்றச் சொல்லப்போகும் குழு, பிஸ்கட் பெயரில் பேசிக்கொண்டது.

அரசாங்கத்துக்கு வாயில் வராத அந்த விஷயத்தை, குழு அமைவதற்கு முன்பே அச்சில் ஏற்றியிருந்தது இங்கிலாந்துத் திருச்சபை. அதன் நல்லொழுக்க மன்றம் வெளியிட்ட ஒரு சிறு அறிக்கையிலும், மறு ஆண்டு அந்த மன்றத்தின் குருவானவர் ஒருவர் எழுதிய புத்தகத்திலும் தொடங்கிய வழக்குதான், இன்று உலகெங்கும் சபைகளை இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது.

தன்பால் ஈர்ப்பு பாவமா, வேதாகமம் அதைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்ற கேள்வி வெளியிலிருந்து சபைக்குள் புகுந்தது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். 1960களின் அமெரிக்கா, ஊர்வலங்கள், சினிமா, நாத்திகம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிறந்த இடத்தைத் தேடிப் போனால் லண்டனில் ஒரு சபை அலுவலகத்தில் போய் நிற்போம். அங்கே மேசையில் குனிந்து பழைய ஏற்பாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் டெரிக் ஷெர்வின் பெய்லி. மணமானவர், திருமணத்தின் இறையியலைப் பற்றி நூல் எழுதியவர், கலகக்காரர் என்று யாரும் சந்தேகிக்க முடியாத சபைப் பிள்ளை.

நெருப்பு மழையும் சட்டப் புத்தகமும்

பெய்லி ஏன் அந்த மேசைக்கு வந்தார் என்று புரிய, முதலில் ஆதியாகமம் 19ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும்.

சோதோமின் ஊர்வாசலில் லோத்து உட்கார்ந்திருக்கிறான். பொழுது சாயும் நேரத்தில் இரண்டு தூதர்கள் வருகிறார்கள். தெருவிலேயே தங்கிக்கொள்கிறோம் என்பவர்களை வருந்தி அழைத்துப் போய் விருந்து வைக்கிறான். அவர்கள் படுக்கப் போகுமுன் ஊர் ஆண்கள், வாலிபரும் கிழவருமாக, வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். வந்தவர்களை வெளியே கொண்டுவா என்கிறார்கள். லோத்து மறுக்கிறான். விருந்தாளிகளை விட்டுவிடுங்கள், மணமாகாத என் இரண்டு மகள்களைத் தருகிறேன் என்றுகூடச் சொல்கிறான். கூட்டம் கதவை உடைக்கப் பார்க்கிறது. தூதர்கள் அவர்களுக்குக் கண் தெரியாதபடி செய்துவிடுகிறார்கள். விடிந்ததும் லோத்தின் குடும்பம் தப்பி ஓட, சோதோமின் மேலும் கொமோராவின் மேலும் கந்தகமும் நெருப்பும் பொழிகிறது.

கதை இவ்வளவுதான். ஆனால் இதிலிருந்து கிளைத்த சட்டம் மிகப் பெரியது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் இட்ட ஆணைகளில், ஆணும் ஆணும் உறவுகொள்ளும் பாவத்தால்தான் பஞ்சமும் பூமியதிர்ச்சியும் கொள்ளைநோயும் வருகின்றன என்று எழுதினார். இந்த எண்ணம் எங்கே கொண்டு விடும் என்று பாருங்கள். ஒருவன் வீட்டுக்குள் செய்யும் காரியத்துக்காக ஊரே எரியும் என்றால், அது அவன் சொந்த விவகாரமாக இருக்க முடியாது. அவனைத் தண்டிப்பது ஊர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி ஆகிவிடுகிறது. மற்றப் பாவங்களுக்குப் பாவமன்னிப்பு அறை போதும். இதற்கு மட்டும் தூக்குமேடை தேவைப்பட்டது இப்படித்தான்.

1533இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், அதுவரை சபை நீதிமன்றங்கள் விசாரித்துவந்த இந்தக் குற்றம் அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. தண்டனை தூக்கு. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டத்துக்கு உரை எழுதிய வில்லியம் பிளாக்ஸ்டன், மரண தண்டனைக்கு நியாயம் சொல்லும் இடத்தில், வானத்து நெருப்பில் இரண்டு நகரங்கள் அழிந்ததையே சான்றாகக் காட்டினார். ஆதியாகமத்தின் ஓர் அதிகாரம் சட்டக் கல்லூரிப் பாடத்தில் சாட்சிக் கூண்டு ஏறிவிட்டது. 1835 நவம்பரில் லண்டன் நியூகேட் சிறைக்கு வெளியே ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இருவரைத் தூக்கிலிட்டார்கள். இங்கிலாந்தில் இந்தக் குற்றத்துக்காகத் தூக்கில் தொங்கிய கடைசி ஆட்கள் அவர்கள். 1861இல் மரண தண்டனை போனது, சிறை இருந்தது. 1885இல் வந்த புதிய பிரிவு, ஆண்களுக்கிடையே எந்த வகை நெருக்கத்தையும் இரண்டு ஆண்டுச் சிறைக்குரியதாக்கியது. ஆஸ்கர் வைல்ட் 1895இல் உள்ளே போனது அந்தப் பிரிவில்தான்.

கைது செய்தித்தாளில் வந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த வழக்குகள் பெருகின. 1952இல் கணிதமேதை ஆலன் டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சையை ஏற்றுக்கொண்டவர் 1954 ஜூனில் இறந்தார். 1953இல் நடிகர் ஜான் கீல்குட் பிடிபட்டார். 1954 மார்ச்சில் மொன்டேகு பிரபுவும், பத்திரிகையாளர் பீட்டர் வைல்ட்பிளடும், மைக்கேல் பிட்ரிவர்ஸும் வின்செஸ்டர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். பிரபுவுக்கு 12 மாதம், மற்ற இருவருக்கும் 18 மாதம். வைல்ட்பிளட் நீதிமன்றத்தில் தன் இயல்பை மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்குகளின் இன்னொரு பக்கம் செய்தித்தாளில் வராதது: மிரட்டிப் பணம் பறித்தல். ஒரு கடிதம், ஒரு புகைப்படம் கையில் இருந்தால் போதும்; ஆயுள் முழுவதும் ஒருவனைக் கறக்கலாம். போலீசுக்குப் போனால் சிறைக்குப் போகப்போவது புகார் கொடுத்தவன்தான்.

இங்கிலாந்துத் திருச்சபையின் நல்லொழுக்க மன்றம் அதுவரை பெரும்பாலும் மணமாகாத தாய்மார்கள், தெருவில் நிற்கும் பெண்கள் ஆகியோரிடையே பணிசெய்துவந்த அமைப்பு. அங்கே ஆய்வுப் பணியில் இருந்த பெய்லி 1952இல் 'தியாலஜி' இதழில் தன்பால் ஈர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சபை இதை எதிர்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். அதைத் தொடர்ந்து குருவானவர்களும் மருத்துவர்களும் சேர்ந்த ஒரு சிறு குழு உட்கார்ந்தது. அவர்கள் தயாரித்த இடைக்கால அறிக்கை 1954இல் அச்சானது. கடையில் விற்பதற்கல்ல, உரியவர்கள் கைக்கு மட்டும் போகும் சுற்றறிக்கை.

அந்த அறிக்கை புரட்சி பேசவில்லை. ஆணுக்கும் ஆணுக்கும் உறவு பாவம் என்றே சொன்னது. அடுத்து ஒரு கேள்வி கேட்டது. அடுத்தவன் மனைவியோடு உறவு கொள்வதும் பாவம்தான். அதனால் குடும்பமே சிதைகிறது. அதற்கு ஏன் சிறை இல்லை? பெண்ணும் பெண்ணும் சேர்ந்தால் ஆங்கிலச் சட்டம் கண்டுகொள்வதில்லையே, ஏன்? வயது வந்த இருவர் மனமொத்து மறைவில் செய்யும் ஒன்றைத் தண்டிப்பதால் ஒழுக்கம் வளர்ந்ததா, மிரட்டிப் பிழைப்பவர்கள் வளர்ந்தார்களா? பாவத்தைச் சபை பார்த்துக்கொள்ளும். போலீஸ் பார்க்க வேண்டியது குற்றத்தை மட்டும் என்று முடித்தது.

மன்றம் உள்துறை அமைச்சரிடம் விசாரணைக் குழு கேட்டது. நாடாளுமன்றத்திலும் சிலர் கேட்டார்கள். 1954 ஆகஸ்டில் உல்ஃபெண்டன் குழு பிறந்தது.

943இல் 10

இங்கேதான் பெய்லியின் தனி வேலை தொடங்குகிறது. சட்டத்தை மாற்றச் சொன்னால் எதிராளி முதலில் எடுத்து நீட்டப்போவது சோதோமை. அதனால் அந்தக் கதை உண்மையில் என்ன சொல்கிறது, மரபு அதை எப்படிப் புரிந்துகொண்டது என்று தேடினார். சபை மன்றத்தின் சிறு குழுவுக்காகச் செய்த அந்த ஆய்வு 1955இல் லாங்மன்ஸ் கம்பெனி வெளியிட்ட நூலாயிற்று. தன்பால் ஈர்ப்பும் மேற்கத்திய கிறிஸ்தவ மரபும் என்ற பொருளில் அமைந்த சாதுவான தலைப்பு.

உள்ளே இருந்தது சாதுவானதல்ல. சோதோமியர் லோத்திடம், வந்தவர்களை 'அறிய வேண்டும்' என்று கேட்கிறார்கள். அந்த எபிரெய வினை பழைய ஏற்பாட்டில் 943 இடங்களில் வருகிறது. ஐயமற உடலுறவைக் குறிப்பது 10 இடங்களில் மட்டுமே என்று பெய்லி கணக்குக் காட்டினார். லோத்து அந்த ஊர்க்காரன் அல்லவே, வந்து குடியேறியவன். நேற்றுக் குடிவந்த ஒருவன், ஊர்த் தலைவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முகம் தெரியாத இரண்டு பேரை இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்குள் கூட்டிப்போனால் நம் கிராமத்துச் சாவடியிலும் 'யாரப்பா அவங்க?' என்று கேட்காமல் விடுவார்களா? சோதோமியர் கேட்டதும் அதுதான் என்பது பெய்லியின் வாதம். அவர்கள் செய்த பாவம் வந்தவர்களை மிரட்டியது, விருந்தோம்பல் தெரியாதது.

அடுத்து வேதாகமத்தின் மற்றப் பக்கங்களைப் புரட்டினார். எசேக்கியேல் 16ஆம் அதிகாரம் சோதோமின் அக்கிரமங்களைப் பட்டியல் போடுகிறது: கர்வம், வயிறு நிறைந்த செழிப்பு, சோம்பல், ஏழை எளியவரைத் தாங்காத கை. அருவருப்பானதைச் செய்தார்கள் என்று அங்கே ஒரு சொல் வருகிறது. எதை என்று விளக்கம் இல்லை. இயேசு சோதோமைச் சொல்லும் இடம், தம் சீடர்களை ஏற்றுக்கொள்ளாத ஊர்களைக் கண்டிக்கும் இடம். அப்படியானால் சோதோம் என்றால் ஆண்களின் உறவு என்ற பொருள் எப்போது ஒட்டியது? கிறிஸ்துவுக்கு முந்தைய ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில், கிரேக்கப் பழக்கவழக்கங்களைக் கண்டு வெறுத்த யூத எழுத்துகளில் என்றார் பெய்லி. யூத எழுத்தாளர்களான பைலோவும் ஜோசிபஸும் அதை நிலைநாட்டினார்கள், சபைப் பிதாக்கள் அவர்களிடமிருந்து வாங்கினார்கள், ஜஸ்டினியன் சட்டமாக்கினார்.

பெய்லி சபையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. இடைக்காலத்தில் சபை பெரும்பாலும் தவம், உபவாசம் என்ற தண்டனைகளோடு நிறுத்திக்கொண்டது, கொளுத்துவதில் சபை காட்டியதாகச் சொல்லப்படும் ஆர்வம் மிகைப்படுத்தப்பட்டது என்று வாதாடினார். எதிர்க்கட்சிக்காரன் எழுதும் நூலில் இந்தப் பகுதி இருந்திருக்காது.

வாதம் சாய்ந்தது, கேள்வி நின்றது

அந்த 943 கணக்குக்கு விடை சொல்லப் பழமைவாதிகள் சிரமப்படவில்லை. இங்கிலாந்தின் பழைய ஏற்பாட்டு அறிஞர் டெரக் கிட்னர் 1967இல் வந்த தம் ஆதியாகம உரையில் நேராகப் போட்டு உடைத்தார். சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை முக்கியமா, இந்த இடத்தில் என்ன பொருள் என்பது முக்கியமா? மூன்று வசனம் தள்ளி, தன் மகள்கள் ஆணை 'அறியாதவர்கள்' என்று லோத்து சொல்கிறானே. அங்கே அதே வினைக்கு என்ன பொருள்? ஊர்க்காரர்கள் வெறும் விலாசம் விசாரிக்க வந்திருந்தால், அவன் ஏன் மகள்களைத் தருவதாகச் சொல்ல வேண்டும்?

கிட்னர் சொன்னதே சரி. பெய்லியை ஆதரித்த தரப்பிலும் இன்று பெரும்பாலோர், கூட்டம் வந்தது வன்புணர்ச்சிக்குத்தான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒப்புக்கொண்ட கையோடு வாதம் இடம் மாறிவிட்டது. கும்பலாக வந்து விருந்தாளியை நாசம் செய்வதைக் கண்டிக்கும் கதையிலிருந்து, இரண்டு பேர் அன்பாகச் சேர்ந்து வாழ்வதைப் பற்றித் தீர்ப்பு எடுக்க முடியுமா? நியாயாதிபதிகள் 19ஆம் அதிகாரத்தில் கிபியா ஊர்க் கூட்டம் ஒரு பெண்ணை இரவு முழுவதும் சிதைத்துக் கொல்கிறது. அதைப் படித்துவிட்டு ஆண் பெண் உறவே பாவம் என்று யாரும் சொல்வதில்லை.

பெய்லியின் நூலில் நிலைத்து நின்றது வேறொரு பகுதி. பிறவி இயல்பாகவே தன் பாலை நாடுகிறவன் வேறு, இயல்பு அதுவல்லாமல் ஆசைக்காகவோ சலிப்பிலோ அதைச் செய்கிறவன் வேறு என்று அவர் பிரித்தார். அவர் பயன்படுத்திய மருத்துவச் சொற்கள் இன்று வழக்கொழிந்தவை, காதுக்கும் கசப்பானவை. பிரித்ததுதான் விஷயம். லேவியராகமத்தின் இரண்டு வசனங்களும், ரோமர் முதல் அதிகாரமும், கொரிந்தியருக்கும் தீமோத்தேயுவுக்கும் எழுதிய நிருபங்களின் பட்டியல்களும் இந்தச் செயலைக் கண்டிக்கின்றன என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அவற்றை எழுதியவர்களுக்கு இப்படி ஓர் இயல்பு மனிதருக்கு இருக்கக்கூடும் என்றே தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி அவர்கள் தீர்ப்புச் சொன்னதாக எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். இயல்பு ஒருவனுடைய குற்றமல்ல என்றார். அந்த இயல்புள்ளவன் எப்படி வாழ வேண்டும் என்ற கேள்விக்கு அனுமதிச் சீட்டு எதையும் அவர் எழுதித் தரவில்லை.

அதற்குப் பிறகு எழுதப்பட்டவை அனைத்தும் அந்தக் கோட்டின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று எழுதியவைதான். பவுல் கண்டித்தது தம் காலத்துக் கிரேக்க, ரோமானியச் சுரண்டலையா, எல்லாக் காலத்து உறவையுமா? ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களில் ஆணும் பெண்ணுமாகப் படைத்த கதை ஒரு விதியா, ஒரு வரலாறா? அடிமைத்தனத்தை அனுமதிக்கும் வசனங்களைச் சபை தாண்டி வந்ததுபோல் இதையும் தாண்டலாமா? பழமைவாதிகள் இதற்குத் தரும் விடையும் லேசானதல்ல: அடிமைத்தனத்துக்கு எதிரான குரல் வேதாகமத்துக்குள்ளேயே கேட்கிறது, இதில் மட்டும் முதல் பக்கம் தொட்டுக் கடைசி வரை ஒரே குரல்தான் என்கிறார்கள்.

17 வாக்கு

உல்ஃபெண்டன் குழு மூன்று ஆண்டுகளில் 62 நாள் கூடியது. சபை மன்றம் எழுத்தில் சாட்சியம் அளித்தது. அதைப் பெய்லியே தொகுத்து 1956இல் நூலாகவும் வெளியிட்டார். சிறையிலிருந்து வந்த வைல்ட்பிளடும் குழுவின் முன் சாட்சி சொன்னார். குழுவிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் ஒழுக்கவியல் பேராசிரியர் கேனன் டெமன்ட் உட்பட மதகுருமார் இருந்தார்கள். 1957 செப்டம்பரில் அறிக்கை வெளியானது. வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் செய்வது குற்றமாகக் கூடாது. சட்டத்தின் வேலை அது அல்ல. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் அடேர் மட்டும் உடன்படவில்லை. சபை மன்றத்தின் சுற்றறிக்கை சொன்ன பாவம், குற்றம் என்ற பிரிவு அரசு அறிக்கையின் முதுகெலும்பாகியிருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் திருச்சபைப் பேரவை அந்தப் பரிந்துரையை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவு 155, எதிர்ப்பு 138. 17 வாக்கில் நிறைவேறியது. டிசம்பரில் பிரபுக்கள் சபையில் கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர், இது பாவம் என்பதில் விட்டுக்கொடுக்காமலே, தனிமனிதப் பாவத்துக்குள் சட்டம் நுழையக் கூடாது என்று ஆதரித்தார். அரசியல்வாதிகளுக்குத்தான் தைரியம் வரப் பத்து ஆண்டுகள் ஆயின. அடுத்த பேராயர் மைக்கேல் ராம்சேயும் துணை நிற்க, 1967 ஜூலையில் சட்டம் மாறியது. 21 வயது நிறைந்த இருவர், தனிமையில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும். ஸ்காட்லாந்து 1980 வரையும் வட அயர்லாந்து 1982 வரையும் காத்திருந்தன.

நீதிமன்றத்திலிருந்து பீடத்துக்கு

சட்டத்தோடு முடிந்திருக்க வேண்டியது முடியவில்லை. குற்றம் இல்லை என்றாகிவிட்டது. பாவமாவது உண்டா என்ற கேள்வி சபைக்குள் எழுந்தது. 1963இலேயே பிரிட்டிஷ் குவேக்கர்களில் ஒரு குழு, உறவின் தன்மையைப் பாருங்கள், பாலைப் பார்க்காதீர்கள் என்று எழுதியிருந்தது. 1968 அக்டோபரில், பெந்தெகோஸ்தே ஊழியத்திலிருந்து வெளியேற நேர்ந்த ட்ராய் பெரி, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஹன்டிங்டன் பார்க்கில் தம் வீட்டிலேயே ஆராதனை நடத்தினார். வந்தவர்கள் 12 பேர். அது தன்பால் ஈர்ப்பாளர்களுக்கென்றே ஒரு சபைப் பிரிவாக வளர்ந்தது.

1980இல் யேல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜான் பாஸ்வெல், பெய்லியின் தேடலை இடைக்கால ஆவணங்களுக்குள் வெகுதூரம் கொண்டுபோனார். 2001இல் வேதாகம அறிஞர் ராபர்ட் கேக்னன் அதற்கெல்லாம் மறுப்பாக 500 பக்கங்களுக்கு மேல் எழுதினார். இவர்களுக்கிடையே ரிச்சர்ட் ஹேஸின் கதை தனி. 1996இல் அவர் எழுதிய புதிய ஏற்பாட்டு ஒழுக்கவியல் நூல் பழமைவாதிகள் நம்பி நின்ற தூண். 2024இல், மகனோடு சேர்ந்து எழுதிய நூலில், தம் பழைய முடிவை மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். மறு ஆண்டு ஜனவரியில் இறந்தார். வசனங்கள் சொல்வதைப் பற்றி அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கடவுள் தம் இரக்கத்தை மேலும் மேலும் விரித்துக்கொண்டே போகிறார் என்பதுதான் வேதாகமத்தின் முழுக் கதை என்று வேறு இடத்தில் நின்று வாசித்தார்.

1998 ஆகஸ்டில் உலக ஆங்கிலிக்கன் பேராயர்களின் லாம்பெத் மாநாடு கேன்டர்பரியில் கூடியது. தென்னிந்தியத் திருச்சபைப் பேராயர்களும் பங்கேற்கும் மாநாடு அது. தன்பால் உறவு வேதாகமத்துக்கு ஒவ்வாதது என்ற தீர்மானம் 526க்கு 70 என்ற கணக்கில் நிறைவேறியது. 45 பேர் வாக்களிக்கவில்லை. தன்பால் ஈர்ப்பாளர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம் என்று அதே தீர்மானத்தில் ஒரு வாக்குறுதியும் இருந்தது. கேட்கும் மனநிலை எப்படி இருந்தது என்பதை வெளியே நடந்தது காட்டியது. தன்பால் ஈர்ப்புக் கிறிஸ்தவர் இயக்கத்தின் ரிச்சர்ட் கர்க்கரின் தலையில் கைவைத்து, நைஜீரியப் பேராயர் இம்மானுவேல் சுக்வுமா பேயோட்டப் பார்த்தார். கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

2003இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மறைமாவட்டம், ஆண் துணையோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சனைப் பேராயராக்கியது. 2008இல் எதிர்ப்பாளர்கள் எருசலேமில் தனியாகக் கூடினார்கள். மெதடிஸ்டுகளின் பெரிய பிரிவு 1972இல் எழுதிவைத்த கண்டனத்தை 2024இல் நீக்கியது. அதற்குள் 7,600க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சபைகள் அதைவிட்டு விலகியிருந்தன. 2023 டிசம்பரில் ரோமாபுரியும், திருமணச் சடங்காகத் தோன்றாதபடி, இப்படிப்பட்ட இணையருக்குக் குருக்கள் ஆசீர் வழங்கலாம் என்று அனுமதித்தது.

பெய்லி இவற்றில் பெரும்பாலானதைப் பார்க்கவில்லை. 1960களில் வெல்ஸ் பேராலயத்துக்கு கேனனாகப் போய், அந்தப் பேராலயத்தின் பழைய ஆவணங்களில் மூழ்கிவிட்டார். 1984இல் இறந்தார்.

நமக்கு வந்து சேர்ந்தது

இந்தக் கதையில் நமக்கு உள்ள பங்கு இதுதான். பிளாக்ஸ்டன் உரை எழுதிய அதே சட்டத்தின் வழியில் வந்தது மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம். 1860இல் நிறைவேறிய அதன் 377ஆம் பிரிவு ஆயுள் சிறை வரை போகக்கூடியது. இலங்கைக்கு 1883இல் 365ஆம் பிரிவாகவும், மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் மீண்டும் 377 என்ற எண்ணிலும் அது போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்து தன் சட்டத்தைத் தன் சபையின் துணையோடு திருத்தியபோது, கப்பலில் அனுப்பிய சரக்கைத் திருப்பி எடுக்க யாரும் வரவில்லை. தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் 377ஐத் தளர்த்தியபோது உல்ஃபெண்டன் அறிக்கையைச் சுட்டிக்காட்டியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. 2013இல் அந்தப் பிரிவு மீண்டது. 2018 செப்டம்பர் 6 அன்று விழுந்தது. சிங்கப்பூர், ஆண்களின் உறவைத் தண்டிக்கத் தன்னிடம் மிஞ்சியிருந்த சட்டத்தை 2022இல் கைவிட்டது. மலேசியாவிலும் இலங்கையிலும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நம் சபைகளில் சோதோம் கொமோரா என்ற பெயரைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. அந்தப் பிரசங்கத்தின் முடிவில், இந்த விவாதமே மேலைநாட்டு இறக்குமதி என்று ஒரு வரி தவறாமல் வரும். பதிவேட்டைப் பார்த்தால் நமக்கு இறக்குமதியானது முதலில் தண்டனைதான். அதைக் கேள்வி கேட்ட விவாதம் ஒரு நூற்றாண்டு தாமதமாகவே வந்தது.

பெய்லி இரண்டு கேள்விகள் கேட்டார். பாவமாகவே இருந்தாலும் இதில் போலீசுக்கு என்ன வேலை என்பது ஒன்று. அதற்கு அவர் சபையே 17 வாக்கில் விடை சொல்லிவிட்டது. பழமைவாதியான ஃபிஷருக்குக்கூட அதில் தயக்கம் இருக்கவில்லை. இந்த வசனம் உண்மையில் இவர்களைப் பற்றித்தான் பேசுகிறதா என்பது மற்றது. அதற்கு ஹேஸ் போன்ற அறிஞரே ஓர் ஆயுளில் இரண்டு விடை சொல்லியிருக்கிறார். இரண்டாவது கேள்வியில் எந்தப் பக்கம் நின்றாலும், ஆதியாகமம் 19ஐ வாசித்த கையோடு எசேக்கியேல் 16ஐயும் வாசித்துவிட்டு நில்லுங்கள். முதல் கேள்விக்கு விடை சொல்ல அந்த வாசிப்புகூடத் தேவையில்லை.